கருகிய கை

அந்தக் குழந்தைக்கு அப்பொழுது ஒன்றரை வயது. தத்தித் தத்தி நடக்கும் பருவம்.

ஜப்பான் நாட்டின் வடபகுதியில், புகுஷிமா மாவட்டத்தில், இனவாஷிரோ என்று ஒரு பெரிய ஏரி. அதன் கரையோரத்தில் ஒரு சிற்றூர். அங்கே கூரை வேய்ந்த ஓர் ஏழைக் குடியானவர் வீடு. ஜப்பானியக் கிராம வீடுகளில் கூடத்தின் நடுவே, தரையைச் சதுரமாக வெட்டிப் பள்ளமாக்கி, அதில் நெருப்பு வளர்த்திருப்பார்கள். சோறு பொங்குவதும் அதில்தான்; குளிர் காய்வதும் அதில்தான். பனி கொட்டும் நாட்டில் அந்தக் கணப்பு அணைவதே இல்லை.

1878-ஆம் ஆண்டு, வசந்த காலத்தில் ஒரு நாள். தாய் வெளியே வேலையாக இருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து வீரிட்டு அலறும் சத்தம் கேட்டது. போட்டதைப் போட்டபடி ஓடி வந்தாள். குழந்தை கணப்புக்குள் விழுந்து கிடந்தது. இடது கை நெருப்பில் வெந்து கொண்டிருந்தது.

வாரி எடுத்தாள். ஆனால் எடுத்து எங்கே கொண்டு போவது? ஊரில் டாக்டர் இல்லை. வெளியூர் போகலாம் என்றால் கையில் காசு இல்லை. தெரிந்த பச்சிலையும் களிம்பும் வைத்துக் கட்டினாள். இரவு பகலாகக் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு விழித்திருந்தாள். உயிர் பிழைத்தது. புண்ணும் ஆறியது. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, ஐந்து விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கையோடு சுருண்டு, கை ஒரு முண்டுபோல ஆகியிருந்தது.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி டாக்டர் ஹிதேயோ நொகுச்சி. பெற்றோர் வைத்த பெயர் செய்சாகு. பிறந்தது 1876-ஆம் ஆண்டு நவம்பர் மாதம்.

தாயின் பாரம்

தாயின் பெயர் ஷிகா. தகப்பனார் சயோசுகே. அவருக்குக் குடிப் பழக்கம் உண்டு. கையில் வந்தது கடைக்குப் போய்விடும். குடும்ப பாரம் முழுவதும் ஷிகாவின் தலையில்.

ஷிகாவே ஏழ்மையில் பிறந்து, சிறு வயதிலேயே பிறர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டவள். பகலில் வயல் வேலை. இரவில் ஏரியில் இறங்கி இறால் பிடித்து, அதைக் கூடையில் சுமந்து விற்று வருவாள். ஆண்கள் தூக்கத் தயங்கும் சுமையை முதுகில் ஏற்றிக் கொண்டு மலைப்பாதையில் நடப்பாள். அப்படி வந்த கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தன் கவனக் குறைவால்தான் பிள்ளையின் கை போயிற்று என்று அவள் நம்பினாள். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் பட்டினி. போனதில் வந்தது இந்த விபத்து. இதில் அவள் குற்றம் என்ன இருக்கிறது? ஆனால் தாய் மனம் அதை ஏற்கவில்லை. கடைசி வரையில் அந்த வேதனை அவளை விடவில்லை.

அவள் ஒன்று யோசித்தாள். ஒரு கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது. நாற்று நட முடியாது. குடியானவன் மகன் குடியானவனாகப் பிழைக்க வழி இல்லை. அப்படியானால் இவனுக்குப் படிப்பைத் தவிர வேறு கதி ஏது? அந்த ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைப்பது அன்று வழக்கமே இல்லை. ஷிகா வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் சும்மா விடுவார்களா? முண்டக் கையன் என்று பட்டப் பெயர் சூட்டிக் கேலி செய்தார்கள். செய்சாகு கையைச் சட்டைக்குள் மறைத்துக் கொள்வான். சில நாட்கள் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு எங்கேயாவது போய் உட்கார்ந்திருப்பான். தாய்க்குத் தெரிந்தது. அவள் அடிக்கவில்லை. தன்னால்தான் இந்தத் துன்பம் என்று அழுதாள். அதற்குப் பிறகு பையன் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தைத் தவற விடவில்லை. வகுப்பில் முதல் மாணவன் ஆனான்.

பேனாக் கத்தியும் ஒரு கட்டுரையும்

தொடக்கப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அதோடு நிறுத்துவதாகத்தான் இருந்தது. அப்போது ஒரு நல்லவர் குறுக்கிட்டார். இனவாஷிரோ மேல்நிலைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சகாயே கொபாயாஷி. பையனுடைய அறிவைக் கண்டு, தம் பள்ளியிலேயே சேர்த்துக் கொண்டு, செலவுக்கும் உதவினார். ஏரிக்கரை ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்குச் செய்சாகு தினமும் நடந்து போவான், நடந்து வருவான். மாரிக்காலத்தில் பாதை எல்லாம் பனி.

ஒட்டிய விரல்களைத் தானே பேனாக் கத்தியால் அறுத்துப் பிரித்துவிட அவன் ஒரு முறை முயன்றதாகச் சொல்வார்கள். அவன் மனம் என்ன பாடு பட்டிருக்க வேண்டும்!

மனத்தில் இருந்ததை எல்லாம் ஒரு நாள் அவன் கட்டுரையாக எழுதினான். கை ஊனத்தால் தான் படும் துயரத்தை மறைக்காமல் எழுதியிருந்தான். அது வகுப்பில் படிக்கப்பட்டது. கேட்டுக் கொண்டிருந்த மாணவர்களில் பலர் அழுதுவிட்டார்கள். கேலி செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உடனே ஒரு யோசனை எழுந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். அவன் கைக்கு ரண சிகிச்சை செய்யலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

பக்கத்து நகரம் வகமட்சு. அங்கே கனாயே வதனபே என்ற டாக்டர் இருந்தார். அமெரிக்காவில் மேல்நாட்டு வைத்தியம் கற்றுத் திரும்பியவர். 1892-ஆம் ஆண்டு அவர் செய்சாகுவின் கையில் ஆபரேஷன் செய்தார். ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தார். பதினான்கு ஆண்டுகளாக முண்டாக இருந்த கையில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன!

முழுக் கை ஆகிவிடவில்லை. விரல்கள் குட்டையாகவும் வளைந்தும்தான் இருந்தன. ஆனாலும் ஒரு பொருளைப் பற்றிப் பிடிக்க முடிந்தது. பையனுக்கு அது போதும். கத்தியையும் ஊசியையும் கொண்டு ஒரு மனிதர் தன் தலையெழுத்தையே மாற்றிவிட்டாரே என்று அவன் வியந்தான். தானும் டாக்டர் ஆவது என்று அந்தப் பதினாறு வயதில் முடிவு செய்தான்.

அடுத்த ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவன் நேராகப் போனது அதே டாக்டர் வதனபேயின் வைத்தியசாலைக்குத்தான். நோயாளியாகப் படுத்திருந்த இடத்திலேயே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். பகலெல்லாம் வேலை. இரவில் வைத்தியப் புத்தகங்கள். ஆங்கிலமும் ஜெர்மன் மொழியும் கற்றான். நுண்ணோக்கியில் கண் வைத்து நோய்க் கிருமிகளை முதன் முதலாகப் பார்த்ததும் அங்கேதான்.

தூணில் செதுக்கிய சபதம்

அக்காலத்து ஜப்பானில், பல்கலைக் கழகத்தில் படிக்காதவர்களும் அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறினால் டாக்டராகத் தொழில் செய்யலாம். 1896-ஆம் ஆண்டு செய்சாகு டோக்கியோவுக்குப் புறப்பட்டான். புறப்படும் முன் வீட்டுத் தூணில் கத்தியால் எழுத்துக்களைச் செதுக்கினான். எடுத்த காரியம் முடியாமல் இந்த மண்ணை மறுபடி மிதிப்பதில்லை என்பது அதன் பொருள்.

சபதம் பெரிதுதான். ஆனால் கையிலிருந்த பணம் இரண்டு மாதங்களில் கரைந்து போயிற்று! படிப்புக்காகக் கொபாயாஷி ஆசிரியரும் மற்றவர்களும் கொடுத்த பணம் அது. டோக்கியோ நகரத்தின் ஆடம்பரம் கிராமத்துப் பையனின் கண்ணைப் பறித்துவிட்டது. நொகுச்சியின் வாழ்க்கையில் இது ஒரு முறை நடந்த தவறு அல்ல. காசைச் செலவழிப்பதில் அவருக்குக் கட்டுப்பாடே கிடையாது. கடன் வாங்குவார், அதையும் செலவழிப்பார். இந்த ஒரு குணம் தகப்பனாரிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

இந்த முறை கைகொடுத்தவர் சிவாகி மொரினோசுகே என்ற பல் டாக்டர். ஒரு பல் வைத்தியக் கல்லூரியில் ஆசிரியர். அவரே வசதி படைத்தவர் அல்ல. ஆயினும் கல்லூரியில் வேலைக்காரனாக இருக்க இடம் பிடித்துக் கொடுத்து, பாடம் கேட்கப் பணமும் கொடுத்தார். பரீட்சையில் நோயாளியின் மார்பை விரலால் தட்டி நோய் அறிந்து காட்ட வேண்டும். வளைந்த கையால் அது முடியாது. அதற்காக டோக்கியோவில் இரண்டாவது முறையாகக் கையில் ரண சிகிச்சை செய்து கொண்டான் செய்சாகு. 1897-ஆம் ஆண்டு பரீட்சையில் தேறினான். அப்போது வயது இருபது.

இனி அவரை டாக்டர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தம் கையைப் பார்த்து நோயாளிகள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. ஆகையால் நோயாளியைப் பார்க்கும் தொழிலை விட்டு, நோயை ஆராயும் தொழிலுக்குத் திரும்பினார். 1898-இல் கிதசாத்தோ ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிளேக் கிருமியைக் கண்டறிந்து புகழ் பெற்ற ஷிபசபுரோ கிதசாத்தோதான் அதன் தலைவர்.

பெயர் மாறியதும் அந்த ஆண்டில்தான். அப்போது பிரபலமாக இருந்த ஒரு நாவலில், கெட்ட சகவாசத்தால் சீரழியும் ஒரு வைத்திய மாணவன் வருகிறான். அவன் பெயர் நொநொகுச்சி செய்சாகு! தம் பெயரைப் போலவே இருக்கிறதே, குணமும் ஒத்திருக்கிறதே என்று நம்மவர் பயந்துவிட்டார். கொபாயாஷி ஆசிரியரைக் கலந்து கொண்டு, ஹிதேயோ என்று பெயரை மாற்றிக் கொண்டார்.

அழையாத விருந்தாளி

1899-இல் அமெரிக்காவிலிருந்து சைமன் பிளெக்ஸ்னர் என்ற பேராசிரியர் டோக்கியோ வந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நொகுச்சியை அனுப்பினார்கள். அமெரிக்கா வந்து படிக்கத் தமக்கு ஆசை என்று நொகுச்சி சொன்னார். பேராசிரியரும் மரியாதைக்கு ஏதோ இசைவாகச் சொல்லி வைத்தார். அதை நொகுச்சி அழைப்பாகவே எடுத்துக் கொண்டார்.

இடையில் யோக்கோஹாமா துறைமுகத்தில் கப்பல் பயணிகளைச் சோதிக்கும் வேலை. அங்கே ஒருவருக்குப் பிளேக் இருப்பதைக் கண்டு பிடித்தார். பிறகு சீனாவில் பிளேக் தடுப்புப் பணி. அதற்குப் பிறகு அமெரிக்கா போகப் பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தில் பெரும் பகுதியை, புறப்படுவதற்கு முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தே தீர்த்துவிட்டார்! சிவாகி மறுபடி கடன் வாங்கிக் கப்பல் ஏற்றி விட்டார். இந்தப் பணத்தைக் கையில் கொடுக்காமல், கப்பல் சீட்டாக வாங்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். கொடுத்திருக்க வேண்டியதுதான்.

1900-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிலடெல்பியா நகரில் பேராசிரியர் பிளெக்ஸ்னரின் கதவைத் தட்டினார் நொகுச்சி. பேராசிரியருக்குத் திகைப்பு. வேலை எதுவும் காலி இல்லை. இருந்தாலும் அத்தனை தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் இல்லை. பாம்பு விஷத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் தெரியும் என்றார் நொகுச்சி. உண்மையில் ஒன்றும் தெரியாது.

சில மாதங்களில் தெரிந்து கொண்டார்! அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு முதல் நம் நாட்டு நல்ல பாம்பு வரையில் பலவகை விஷங்களை எடுத்து, அவை இரத்தத்தின் சிவப்பு அணுக்களை எப்படி உடைத்து அழிக்கின்றன என்று பேராசிரியருடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1909-இல் பாம்பு விஷங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளி வந்தது. பாம்பைப் பிடித்து விஷம் எடுக்கும்போது அந்த இடது கை என்ன செய்ததோ, பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நடுவில் ஓர் ஆண்டு டென்மார்க்கில் படிப்பு. 1904-இல் நியூயார்க் நகரில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையம் திறந்தபோது பிளெக்ஸ்னர் அதன் தலைவரானார். நொகுச்சியும் கூடப் போனார். ஆயுள் முழுவதும் அதுவே அவர் ஸ்தாபனம். இரவு பகல் பாராமல் வேலை செய்வார். இந்த மனிதர் தூங்குவது எப்போது என்று அமெரிக்கர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மேரி என்ற அமெரிக்கப் பெண்மணியை மணந்து கொண்டார். வீட்டிலும் நுண்ணோக்கி இருந்தது.

பைத்தியத்துக்குக் காரணம்

அந்தக் காலத்தில் ஒரு விதப் பைத்தியம் இருந்தது. நடுத்தர வயதில், நன்றாக இருந்த மனிதர் திடீரென்று புத்தி தடுமாறுவார். தம்மை ராஜா என்பார், கோடீஸ்வரர் என்பார். கை கால் நடுங்கும். சில ஆண்டுகளில் வாதம் கண்டு இறந்து போவார். அமெரிக்க, ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைகள் இப்படிப்பட்டவர்களால் நிரம்பியிருந்தன. இளமையில் மேகநோய் கண்டவர்களுக்கே இது வருகிறது என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் நிரூபணம் இல்லை.

இறந்து போன நோயாளிகளின் மூளையிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார் நொகுச்சி. மேகநோய்க் கிருமி திருகாணி போல் சுருண்ட, மிக மெல்லிய கிருமி. வைக்கோற் போரில் ஊசி தேடும் வேலைதான். 1913-ஆம் ஆண்டு அது கண்ணில் பட்டது! 70 பேருடைய மூளைகளில் 12 பேருடையதில் அந்தக் கிருமி இருப்பதை அவரும் மூர் என்ற டாக்டரும் காட்டினார்கள். மனநோய் என்பது ஏதோ சாபமோ பேயோ என்று இருந்த காலத்தில், ஒரு பைத்தியத்துக்குக் கிருமிதான் காரணம் என்று கண்ணுக்கு முன் காட்டியது அந்த ஆராய்ச்சி. பெனிசிலின் வந்த பிறகு மேகநோயைத் தொடக்கத்திலேயே குணப்படுத்த முடிந்தது; அந்தப் பைத்தியமும் அரிதாகிவிட்டது.

இதையும் சொல்ல வேண்டும். மேகநோயைக் கண்டறிய அவர் ஒரு தோல் சோதனை முறையை உண்டாக்கினார். 1911, 1912-ஆம் ஆண்டுகளில் அதை நியூயார்க் மருத்துவமனை நோயாளிகள் மீது சோதித்தார்கள். நோயே இல்லாத சிறுவர்களுக்கும் ஊசி போடப்பட்டது. அவர்களையோ பெற்றோரையோ கேட்கவில்லை. பத்திரிகைகளில் பெரிய கண்டனம் எழுந்தது. மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை, ஆபத்து இல்லை, அவர் தமக்கே முதலில் போட்டுப் பார்த்தார் என்றெல்லாம் பதில் சொன்னார்கள். வழக்கு ஏற்படவில்லை. ஆனாலும் ஊராரின் குழந்தைக்கு, சொல்லாமல் ஊசி போட்டது சரியாகிவிடாது. சுத்தமான மேகநோய்க் கிருமியை வளர்த்து விட்டதாக அவர் அறிவித்ததையும் மற்ற விஞ்ஞானிகளால் செய்து காட்ட முடியவில்லை. அவசரம் அவருடைய பெரிய எதிரி.

சாம்பலில் கற்ற எழுத்து

ஏரிக்கரை வீட்டில் ஷிகாவுக்கு வயதாகிக் கொண்டிருந்தது. மகன் புகழ் ஊரெங்கும் பரவியிருந்தது. மகனைத்தான் காணோம்.

ஷிகா மருத்துவச்சியாகவும் இருந்தாள். பிரசவம் பார்க்க அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதாயிற்று. சிறு வயதில் பிறர் வீட்டில் வேலை செய்த காலத்தில், தட்டில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிச் சில எழுத்துக்களைக் கற்றிருந்தாள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியது போலத்தான். காகிதம் வாங்கக் காசு ஏது? பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு, அந்த எழுத்துக்களைத் தேடி எடுத்து மறுபடி பழகினாள்.

1912-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவள் மகனுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினாள். எழுத்துக்கள் கோணல் மாணலாக இருக்கும். சில எழுத்துக்கள் விட்டுப் போயிருக்கும். பேச்சு வழக்கை அப்படியே எழுதியிருக்கிறாள். மகனுடைய பெருமையைக் கேட்டு எல்லோரும் வியப்பதைச் சொல்கிறாள். சீக்கிரம் வந்துவிடும்படி கெஞ்சுகிறாள். கெஞ்சுவதையே திரும்பத் திரும்ப எழுதுகிறாள். மேற்கைப் பார்த்தும் கிழக்கைப் பார்த்தும், வடக்கையும் தெற்கையும் பார்த்தும் தான் கும்பிடுவதை எழுதுகிறாள். எந்தத் திசையில் அமெரிக்கா இருக்கிறது என்று அந்தத் தாய்க்கு என்ன தெரியும்?

கடிதம் கண்டும் மகன் உடனே போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. பிறகு ஒரு நண்பர் தாயாரின் புகைப்படம் ஒன்றை அனுப்பினார். படத்திலே வற்றி உலர்ந்த ஒரு கிழவி! பிரிந்து வந்தபோது பார்த்த முகம் அது இல்லை. 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் யோக்கோஹாமாவில் கப்பல் விட்டு இறங்கினார் நொகுச்சி. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

அந்த ஆண்டு ஜப்பான் அறிவியல் கழகம் அவருக்குச் சக்கரவர்த்தியின் பெயரால் வழங்கும் பரிசைக் கொடுத்தது. ஊர் ஊராக வரவேற்பு. அதில் மக்கள் நினைவில் நின்றது வேறு காட்சி. தாயாரையும் கொபாயாஷி ஆசிரியரையும் கூட்டிக் கொண்டு அவர் மேற்கு ஜப்பானைச் சுற்றிக் காட்டினார். ஒசாகாவுக்குப் பக்கத்தில் மினோ என்ற இடத்தில் பெரிய மனிதர்கள் நிறைந்த ஒரு விருந்து. அங்கே மற்றவர்களைக் கவனிக்காமல், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தமாக எடுத்து விளக்கி, ஊட்டிக் கொண்டிருந்தார். அந்த ஊரில் பிற்பாடு அவருக்குச் சிலையே வைத்து விட்டார்கள்.

இரண்டு மாதம் இருந்தார். நவம்பரில் கப்பல் ஏறினார். தாயும் மகனும் மறுபடி சந்திக்கவில்லை. 1918-ஆம் ஆண்டு உலகத்தை அலைக்கழித்த விஷ ஜுரத்தில் ஷிகா காலமானாள்.

தவறிய குறி

அதே 1918-ஆம் ஆண்டுதான் நொகுச்சி மஞ்சள் காய்ச்சலின் பின்னால் புறப்பட்டதும்.

இந்தக் காய்ச்சல் கண்டால் உடம்பு மஞ்சளாகும்; கறுப்பாக வாந்தி வரும்; பலர் சில நாட்களில் இறப்பார்கள். கொசுதான் இதைப் பரப்புகிறது என்று 1900-ஆம் ஆண்டில் கியூபாவில் அமெரிக்க டாக்டர்கள் நிரூபித்திருந்தார்கள். கொசு சுமந்து வரும் கிருமி எது என்று மட்டும் தெரியவில்லை. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் குவாயாகில் துறைமுகத்துக்குப் போன நொகுச்சி, சில நாட்களிலேயே ஒரு சுருள் கிருமியைக் கண்டுபிடித்து விட்டார்! அதிலிருந்து தடுப்பு மருந்தும் தயாரித்தார். ஈக்வடார் அவரைக் கொண்டாடியது. மெக்சிகோ, பெரு, பிரேசில் என்று நாடு நாடாகப் போனார். தடுப்பு ஊசி பல்லாயிரம் பேருக்குப் போடப்பட்டது.

ஆனால் அந்தக் கிருமி மஞ்சள் காய்ச்சலின் கிருமி அல்ல.

எலிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அதிலும் காய்ச்சல், மஞ்சள் நிறம், இரத்தக் கசிவு எல்லாம் உண்டு. குவாயாகிலில் மஞ்சள் காய்ச்சல் என்று அவருக்குக் காட்டப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு இருந்தது எலிக் காய்ச்சல். நொகுச்சி ஆராய்ச்சிக் கூடத்து மனிதர். படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்துப் பழக்கம் இல்லாதவர். கொடுத்த இரத்தத்தை நம்பினார். 1926-இல் மாக்ஸ் தெய்லர் என்ற இளம் விஞ்ஞானியும் மற்றொருவரும், நொகுச்சியின் கிருமியும் எலிக் காய்ச்சல் கிருமியும் ஒன்றே என்று காட்டினார்கள். தடுப்பு மருந்து தயாரிப்பும் நின்றது.

இதே ஆண்டுகளில் அவர் செய்த ஒரு நல்ல காரியம் இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. பெரு நாட்டு மலைப் பகுதியில் இரத்தத்தை அழிக்கும் ஒரு கொடிய காய்ச்சல் உண்டு. மரு போன்ற கட்டிகள் உண்டாகும் ஒரு நோயும் உண்டு. இரண்டும் ஒன்றுதானா என்று அறிய, 1885-இல் தானியேல் காரியோன் என்ற வைத்திய மாணவர் கட்டியின் இரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக் கொண்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். இரண்டு நோய்க்கும் கிருமி ஒன்றே என்று நொகுச்சி நிரூபித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாணவர் உயிர் கொடுத்தது வீண் போகவில்லை.

அக்ரா

1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து செய்தி வந்தது. அட்ரியன் ஸ்டோக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரும் தோழர்களும், அசிபி என்ற ஆப்பிரிக்க நோயாளியின் இரத்தத்தை இந்தியக் குரங்குக்கு ஏற்றி, குரங்குக்கு மஞ்சள் காய்ச்சலை வரவழைத்து விட்டார்கள். நோய்க்குக் காரணம் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத, வடிகட்டியிலும் நிற்காத வைரஸ் என்று காட்டினார்கள். அந்தச் செப்டம்பர் மாதமே ஸ்டோக்ஸ் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்.

நண்பர்கள் தடுத்தார்கள். நொகுச்சி கேட்கவில்லை. தம் பெயரில் தவறு ஏறியிருக்கிறது. அதைத் தாமே போய்ப் பார்த்தாக வேண்டும். நவம்பர் மாதம் அக்ரா வந்து இறங்கினார். அப்போது அது கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் நாடு. 1957-இல் கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. நூற்றுக்கணக்கான குரங்குகளை வைத்துக் கொண்டு ஆறு மாதம் ராக்கண் விழித்தார். அவருடைய பழைய சுருள் கிருமி ஆப்பிரிக்காவில் ஒரு நோயாளியிடம்கூடக் கிடைக்கவில்லை.

1928-ஆம் ஆண்டு மே மாதம் ஊருக்குத் திரும்ப ஏற்பாடுகள் நடந்தன. லாகோஸ் நகருக்குப் போய் அக்ரா திரும்பியதும் காய்ச்சல் கண்டது. மஞ்சள் காய்ச்சல். தமக்கு இது எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. மே 21-ஆம் தேதி இறந்தார். வயது 51. அவரைக் கவனித்து, உடலைப் பரிசோதித்த டாக்டர் யங் என்ற வெள்ளையரும் அதே காய்ச்சலில் அதே மாதம் இறந்தார். நொகுச்சியின் உடலை ஈயப் பெட்டியில் வைத்து நியூயார்க் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

நொகுச்சியின் தவற்றை எடுத்துக் காட்டிய மாக்ஸ் தெய்லர், அசிபியின் இரத்தத்திலிருந்து வந்த வைரஸைக் கொண்டே 1937-இல் நல்ல தடுப்பு மருந்தை உண்டாக்கினார். 1951-இல் நோபல் பரிசு பெற்றார். பல முறை பெயர் முன்மொழியப்பட்டும் நொகுச்சிக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை.

அக்ராவில் 1979-இல் அவர் பெயரால் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது கானா மக்களின் மாதிரிகளைச் சோதித்த முக்கியமான இடம் அதுதான். ஜப்பான் 2004-இல் தன் ஆயிரம் யென் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், புதிய ஆயிரம் யென் நோட்டு வந்தது. அதில் இருக்கும் படம் அவருடைய பழைய தலைவர் கிதசாத்தோவுடையது.

இனவாஷிரோ ஏரிக்கரையில் அந்தக் கூரை வீடு அப்படியே இருக்கிறது. 1939-இல் அதையும் சேர்த்து நினைவாலயம் ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். தூணில் செதுக்கிய எழுத்துக்கள் இருக்கின்றன. கூடத்தின் நடுவே கணப்புப் பள்ளம் இருக்கிறது. ஷிகா எழுதிய கடிதமும் அங்கேதான் இருக்கிறது, கோணல் எழுத்துக்களோடு.